ஹலோ அண்ணன் வாயை மூடிய அரை மணி நேரம்

கெடா மாநிலத்தில் ரகசியமே இல்லாத தோட்டம் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். காரணம், ஹலோ அண்ணன். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பதில் அவர் மனைவிக்கே சந்தேகம். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே நின்று அவர் "ஹலோ, ஹலோ" என்றால், யான் ஊர்க் கடற்கரையில் வலை இழுப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

திருவிழாவில் உபயகாரர்களின் பெயரைச் சொல்வதுதான் அவர் வேலை. அதோடு நிறுத்தமாட்டார். "இன்றைய மோர் உபயம் ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி வீட்டம்மா. உப்பு கொஞ்சம் தூக்கல், பக்தர்கள் தண்ணி சேத்துக்கவும்" என்பார். பூசைக்கு நடுவே, "அடுப்ப அணைக்காம வந்த அக்கா உடனே வீட்டுக்குப் போகவும், புகை வருது" என்பார். எந்த அக்கா என்று சொல்லமாட்டார். எல்லா அக்காக்களும் ஓடுவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு அவர் பெரிய தடையாக இருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சண்டைக்கே போய்விட்டேன்.

"அண்ணே, நாளைக்குப் பரீட்சை. செட்ட நிறுத்துங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதாலா?" என்று மைக்கை எடுத்தார். "பொதுமக்கள் கவனத்துக்கு. லோரி முனியாண்டி மகளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. யாரும் சத்தம் போட வேண்டாம். டிவியக் குறைச்சு வைங்க."

அன்று தோட்டமே அமைதியானது, அவர் ஒருவரைத் தவிர. அந்த அறிவிப்பை இரவுச் சாப்பாடு வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பட்டம் வாங்கிய பிறகு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். சேவை செய்யப் போன நாட்டில் இளம் வயதிலேயே இறந்துபோன ஒரு டாக்டரின் நினைவாக அவர் குடும்பம் நடத்துவது. பட்டதாரி ஒருவரை ஒரு வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள மக்களுக்குப் பயன்படும் வேலை ஒன்றைச் செய்ய வைப்பார்கள். என் திட்டம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கானது. பெருமழையில் மண் சரிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கியில் எச்சரித்து, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்களை வெளியே கொண்டுவருவது. இந்த யோசனை யாரைப் பார்த்து வந்தது என்று நான் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவரே அதையும் அறிவித்துவிடுவார்.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினோம். தேர்வுக் குழுவினர் வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். அவர்கள் குறித்த நாளோ எங்கள் திருவிழா நாள். ஹலோ அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, அரை மணி நேரம் மட்டும் வாயத் தொறக்காதீங்க. எனக்கு ரொம்ப முக்கியம்."

"சரிலா. எதுக்குன்னு மட்டும் சொல்லு."

"சொன்னா மைக்குல வரும்."

"அதுவும் நெசந்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அலோர் ஸ்டாரிலிருந்து இருவர் வந்தார்கள்: டாக்டரின் அண்ணனும், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும். காரைக் கோயிலருகே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அம்மா வடை வைத்தார். தலைமையாசிரியை வடையைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒலிபெருக்கியில சொன்னா ஆர் கேட்கிறது? எங்கட வீட்டுக்குப் பக்கத்திலயும் கோயில் இருக்கு. சத்தம் வந்தா நாங்கள் ஜன்னலைச் சாத்துவம்."

நான் படித்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"அது காகிதத்தில. கொட்டுற மழையில சனம் வீட்டை விட்டு வெளிய வருமோ?"

வாய்ப்பு கையைவிட்டு நழுவுவது தெரிந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்போது அந்தக் குரல் வந்தது.

"ஹலோ, ஹலோ. முனியாண்டி மகளே, மன்னிச்சுக்கம்மா, வேற வழியில்ல. பொதுமக்கள் கவனத்துக்கு. கோயில்கிட்ட நிக்கிற சாம்பல் கலர் காடிக்கு நாலு கண்ணாடியும் தொறந்திருக்கு. உள்ள பை இருக்கு. கைல கெடச்சத எடுத்துட்டு ஓடி வாங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது விருந்தினர் இருவரும் வாசலில் நின்று கோயில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லயத்தின் ஒவ்வொரு கதவிலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். குடை, வாழை இலை, துணி துவைக்கும் பேசின், சமையல்காரரின் அண்டா மூடி. அப்பா தன் லோரிப் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடினார். பூசாரி தாம்பாளத்தோடு ஓடினார். கொஞ்ச நேரத்தில் கார் இருந்த இடமே தெரியவில்லை.

"உங்கட அம்மா எங்க?" என்றார் தலைமையாசிரியை.

"காடிக்குக் குடை பிடிக்கப் போயிட்டாங்க, டீச்சர்."

டாக்டரின் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியை உள்ளே வந்து உட்கார்ந்து, முதல் வடையை எடுத்தார்.

"ஆரது கதைச்சது?"

"அவர்தான் டீச்சர் என் திட்டம்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அடுத்த வாரம் தொலைபேசி அழைப்பு வந்தது. உதவித்தொகை எனக்குத்தான். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நானானேன். ஹலோ அண்ணனிடம் மைக்கைக் கேட்டு வாங்கி, செய்தியை நானே தோட்டத்துக்குச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அவர் ஒருமுறை சொன்ன பிறகுதான் பட்டாசு வெடித்தார்கள்.

பினாங்கு விமான நிலையத்துக்கும் வந்தார். அங்கே அறிவிப்பு செய்த பெண்ணின் குரலில் உயிரே இல்லை என்று வருத்தப்பட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "அங்க யாரும் ஒன் பேச்சக் கேக்கலன்னா எனக்குப் போன் போடு. நான் பேசுறேன்" என்றார்.

இங்கே மலையகத்தில் நாங்கள் நடத்திய முதல் ஒத்திகையில், கொட்டும் மழையில் லயம் முழுவதும் வெளியே வந்து மேட்டில் நின்றது. கைக்குழந்தைகள்கூடக் கம்பளிக்குள் வந்துசேர்ந்தன. அவரை அழைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனாலும் அன்று மாலை அழைத்தேன். அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.