பிறக்காத பையனுக்கு எல்.கே.ஜி. சீட்

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நாற்காலியில் மேடம், எதிரே என் மனைவி மல்லிகா, கதவோரம் நான். இல்லாதவன் என் மகன். அவன் இன்னும் பிறக்கவில்லை. (வயிற்றிலும் இல்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான்.) ஆனால் மேஜைமேல் கிடந்த எல்.கே.ஜி. விண்ணப்பத்தில், என் கையெழுத்தில், அவன் பெயர் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம், தாம்பரம். எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். என் ரிப்போர்ட் கார்டில் அப்பா கைநாட்டுத்தான் வைப்பார். என் பையனின் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற கோட்டின்மேல் நான் சீக்கிரமே பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பையன் கல்லூரிக்குப் போகும்போதும் எனக்கு நரை விழுந்திருக்கக் கூடாது. இதுதான் என் லட்சியம். மல்லிகாவின் லட்சியம் டீச்சர் வேலை. அன்று அதற்குத்தான் இன்டர்வியூ. செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வைத்து மிதித்து வந்திருந்தேன்.

அவள் உள்ளே போனாள். வெளியே அட்மிஷன் வரிசை. சும்மா நிற்பானேன் என்று அதில் நின்றேன்.

"இன்னா சார், புள்ளைய இட்டுகினு வர்லியா?" என்றார் பியூன்.

"இன்னும் வரலண்ணே."

"வரசொல்லோ வரட்டும். நீ ஃபாரத்த எழுதிக் குடு."

எழுதினேன். பிறந்த தேதியை விரல்விட்டு எண்ணி அடுத்த வருஷத்தில் போட்டேன். தாயின் பெயர்: மல்லிகா. தொழில்: இதே பள்ளியில் ஆசிரியை. (டீச்சர் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டாம்.) பியூன் அதை நேராக மேடத்திடம் கொண்டுபோனார். இரண்டே நிமிடத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, ரெண்டு வருஷத்துக்குக் குழந்தை இல்ல, லீவு கேக்க மாட்டேன்னு இப்பதானே சொன்னே?" மேடம் விண்ணப்பத்தைத் தட்டினார். "அப்ப இது யாரு?"

மல்லிகா வாங்கிப் படித்தாள். இருபது பேர் வந்திருந்த இன்டர்வியூ. வேலை என்னால் போகப்போகிறது.

"மேடம், அது வந்து..."

"நீங்க சும்மா இருங்க." மல்லிகா என் பக்கம் திரும்பவே இல்லை. "மேடம், இது அவரோட ஆசை. எங்கிட்டகூட இன்னும் சொல்லல. பெத்துக்கப் போறது நான். நான் சொன்னது சொன்னதுதான்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, இதையெல்லாம் வீட்ல பேச மாட்டீங்களா?"

"பேசணும் மேடம்."

வேலை கிடைத்தது. திரும்பும்போது அவள் சைக்கிளில் ஏறவில்லை, பஸ்ஸில் போனாள். பள்ளிக்குச் சொன்ன இரண்டு வருஷத்தோடு எனக்கு அபராதமாக இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

பிறந்தது மகள். கல்யாணப் பேச்சே எடுக்காத அவள், இன்றைக்கும் நான் எதற்காவது பரபரத்தால், "என்னப்பா, என் புள்ளைக்கும் ஃபாரம் வாங்கியாச்சா?" என்கிறாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு தாளுக்கு நான் கொடுத்த விலை, அதில் நான் எழுதிய பிறந்த தேதிக்கும் மகள் நிஜமாகவே பிறந்த தேதிக்கும் நடுவே மூன்று வருஷம் இரண்டு மாதம்.