தலைச் சாய்வுக்கு மதிப்பெண்

உலகில் இனி எவரும் தனியாக அழ வேண்டியதில்லை. எங்கள் பல்கலைக்கழகம் அதற்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறது. குளிர்சாதன வசதியும் உண்டு.

'உணர்ச்சித் திறன் பயிற்சி'க்கு என்னையே ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். "மனைவி இறந்தும் நீங்க ஒரு நாள்கூட லீவு போடலையே சார். உங்களைவிடத் தகுதியான ஆள் யாரு?" என்றார் துறைத் தலைவர். நெகிழ்ந்திருக்க வேண்டும். நன்றி மட்டும் சொன்னேன்.

பயிற்சியாளர் அம்மையார் மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர். யார் எந்தத் துயரத்தைச் சொன்னாலும் பதிலுக்குச் சொல்ல மூன்று வாக்கியங்கள் கற்பித்தார்: "நீ சொல்றது கேக்குது. உன் வலியை மதிக்கிறேன். பகிர்ந்ததுக்கு நன்றி." சொல்லும்போது தலை இடப்பக்கம் சாய வேண்டும். சாய்வுக்குத் தனி மதிப்பெண். மாணவர்களின் 'ஈடுபாடு' வாரந்தோறும் ஏறியது. கழுத்துச் சுளுக்கும்.

ஒருநாள் வகுப்பின் நடுவே முன்வரிசைப் பெண்ணுக்குப் போன் வந்தது. பதறி எழுந்தாள்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். யாராவது பைக்ல கொண்டுபோய் விடுறீங்களா?"

அறை முழுக்கத் தலைகள் சாய்ந்தன. ஒரே கோணம்.

"நீ சொல்றது கேக்குது," என்றான் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவன்.

"கேட்டா வண்டிய எடுடா!"

"உன் வலியை மதிக்கிறேன்."

அவளுடைய அறைத்தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பகிர்ந்ததுக்கு நன்றிடி."

பயிற்சியாளர் பூரித்துப்போனார். "அருமை! ஒருத்தர்கூட அவசரப்பட்டுப் பிரச்சினையைத் தீர்க்கப் போகலை, பாத்தீங்களா? நீ உக்காரும்மா. இப்ப உனக்குள்ள என்ன வருதுன்னு சொல்லு."

"எங்கப்பா சாகக் கிடக்கிறார், மேடம்!"

"அது தகவல்மா. நான் கேட்டது உணர்ச்சி."

நான் எழுந்தேன்.

"சார், இதுக்குப் பேரு தலையீடு," என்றார் பயிற்சியாளர்.

"வாம்மா, போலாம்," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வார்டு வாசலோடு நின்றுவிட்டேன். மாலையில் அவர் இறந்தார்.

ஆய்வுக் கூட்டத்தில் அந்த வகுப்பை எங்கள் நிறுவனத்தின் 'மகுடம்' என்று பாராட்டினார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தேர்ச்சி. பாதியில் எழுந்து போன இருவர் மட்டும் 'துயர வேளையில் நிதானம் இழப்பவர்கள்.' அடுத்த பருவத்தில் அந்தப் பெண்ணும் நானும் இதே பயிற்சியில் மாணவர்களாகச் சேர வேண்டுமாம். இருக்கையை விட்டு அசையாதவர்கள் எங்களுக்கு இரக்கம் கற்றுத்தரப் போகிறார்கள்.