இருட்டு அண்ணே போடாத விளக்கு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் வெளிச்சத்தைத் திருடனைப் போல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் இருட்டு அண்ணேதான்.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஓர் இருட்டறை இருந்தது. அங்கே மக்காச்சோள நாற்றுகள் வெளிச்சமே படாமல் வெளுத்து வளரும். வெயில் இலைக்குச் சோறும் போடும், நஞ்சும் வைக்கும். அந்த நஞ்சை முறிக்க இலை ஒரு நொதியைச் செய்துகொள்ளும். வெளிச்சம் பட்டால் அந்த நொதிக்கான மரபணு எவ்வளவு விழித்துக்கொள்கிறது என்பதே என் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க விழிக்காத நாற்றுகள் வேண்டும். அவற்றுக்குக் காவல் இருட்டு அண்ணே.

பார்வையிட வந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரை வாசலிலேயே மடக்கினார்.

“பாஸ், வாட்ச்சக் கழட்டுங்க லா. முள்ளு மின்னுது.”

“சின்ன வாட்ச்சுதானப்பா!”

“உங்களுக்கு வாட்ச்சு. என் பிள்ளைங்களுக்கு அது சூரியன்.”

டத்தோ கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

கேண்டீனில் அண்ணே கண்ணை மூடிக்கொண்டுதான் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிடுவார். கேட்டால், “கண்ணத் தொறந்தா மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி ஆவும் தம்பி. நெத்திலி எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதா?” என்பார்.

அப்படி அவர் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் நான் இருட்டறைக்குள் போனேன். என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. தடவிப் பார்த்தேன், அகப்படவில்லை. விளக்கைப் போட்டேன். இரண்டே நிமிடம். யாரிடமும் சொல்லவில்லை.

சோதனை முடிவு வந்தபோது, இருட்டு நாற்றுகளிலும் அந்த மரபணு விழித்திருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் தலைவர் கொதித்தார்.

“ஆர் லைட்டைப் போட்டது? சொல்லுங்கோ!”

எனக்கு அப்போதுதான் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவர் ஒரு வார்த்தை எழுதினால் அது போய்விடும். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் பாஸ்,” என்றார் இருட்டு அண்ணே. “எலி ஓடுன மாதிரி இருந்துச்சு.”

டத்தோவின் கடிகாரத்தையே கழற்ற வைத்தவர் எலிக்காக விளக்கைப் போடுவாரா? அங்கிருந்த யாரும் நம்பியிருக்க முடியாது. ஆனாலும் நம்பியதாக வைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

மறுநாளே அவரைச் சோளக்கொல்லையில் குருவி விரட்ட அனுப்பினார்கள். இருட்டிலேயே பழகிய கண்கள். வெயிலில் நாளெல்லாம் நீர் வழிந்தது. நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

நான் புறப்பட்ட அன்று சுபாங் விமான நிலையத்துக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

“அங்க குளிரு பயங்கரமாம் தம்பி.”

“அண்ணே, அன்னைக்கு...”

“தெரியும் லா. உள்ள போங்க, பிளேன் போயிரும்.”

போனேன். படிப்பு முடிந்து திரும்பியபோது, மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

பொட்டலத்தில் இருந்தது ஒரு கம்பளிச் சட்டை. எனக்கு இரண்டு அளவு பெரிது. அங்கிருந்த அத்தனை குளிர்காலமும் அதைத்தான் போட்டுக்கொண்டேன்.