ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடவேண்டிய மாத்திரை

பெஹாலா, கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய சேஷாத்ரி அவர்களுக்கு, மஹாதேவன் அநேக நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். உங்கள் தங்கை ஷியாமளாவின் மணிக்கட்டு முறிந்தது உங்களுக்கே தெரியும். மிதியடி தடுக்கியது, கையை ஊன்றினாள், அவ்வளவுதான். புதன்கிழமை வந்து அவளைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போவதாகப் போனில் சத்தம் போட்டீர்கள். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

துறைமுக ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனதும் எனக்குத் தொந்தி விழுந்தது. நாலு மணிக்கு மேல் சாப்பிடாவிட்டால் இளைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து, அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். பத்து மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு டிபன், பிறகு மறுநாள்வரை தண்ணீர்தான், இருவருக்கும். காபியில் பால் போச்சு, ராத்திரி தயிர்சாதம் போச்சு. மாடிவீட்டு வங்காளி மாமி மது பௌதி எட்டு மணிக்குச் சுடச்சுட லூச்சிப் பூரி கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்தி அரைமணி நேரம் பிரசங்கம் செய்து திருப்பி அனுப்புவேன். ஏழு மாதத்தில் ஷியாமளா பதினோரு கிலோ இளைத்தாள், வாராவாரம் அவளை மெஷினில் ஏற்றி, எடையைப் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நீங்கள்கூடக் கைதட்டும் பொம்மை அனுப்பினீர்கள்.

இதைவிடக் கேவலம் மாத்திரை விஷயம். டாக்டர் அவளுக்குக் கால்சியம் மாத்திரை எழுதியிருந்தார், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. "ஏன்னா, மாத்திரை போட்டுக்கணுமே?" என்று கேட்டாள். "சாப்பாடே இல்லேங்கறச்சே அதுக்கப்புறம்னு ஒண்ணு ஏது?" என்றேன். முப்பத்துநாலு வருஷம் சர்க்குலரை எழுத்து மாறாமல் படித்த புத்தி அது. டப்பாவை அலமாரியில் பூட்டியும் வைத்தேன்.

கட்டுப் போட்ட டாக்டர், ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாஷீமாவுக்கு இளைச்சது கொழுப்பு மட்டும்னு நெனச்சீங்களா? சதையும் எலும்பும் சேர்ந்துதான் கரைஞ்சிருக்கு. இந்த வயசுல பாலும் பருப்பும் நேரத்துக்கு உள்ள போகணும்" என்றார். எனக்கும் ஸ்கேன் எடுத்தார். நானும் அவளோடு பட்டினி கிடந்தவன்தான், ஆனால் என் எலும்புக்கு ஒன்றுமில்லை, பூர்வீக வாகு.

இப்போது நானே சமைத்து, ராத்திரி எட்டு மணிக்குத் தயிர்சாதம் பிசைந்து ஊட்டுகிறேன். மாத்திரையையும் கொடுக்கிறேன். ஆகவே நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம், டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுங்கள். அவளில்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. மன்னிக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், பகவான் எல்லோர் எலும்பையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
மஹாதேவன்

பி.கு.: பூர்வீக வாகு என்றது பொய். வாக்கிங் என்று சொல்லி ஏழு மாதமாகத் தினமும் ஆறு மணிக்கு டிராம் டிப்போ பக்கம் இனிப்புக் கடையில் இரண்டு கச்சோரியும் ஒரு மண்கிண்ணம் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரும் சாப்பிட்டு வந்தேன். பட்டினி கிடந்தவள் அவள் ஒருத்திதான். நேற்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும்னா. உங்க கைக்குட்டைய நான்தானே தோய்க்கறேன். நீங்களாவது சாப்பிடறேளேன்னு இருந்துட்டேன்" என்றாள். டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வேண்டாம். புதன்கிழமை உங்களை அழைத்துவர ஹவுராவுக்கு நானே வருகிறேன், அவள் பெட்டியையும் கட்டி வைத்துவிடுகிறேன்.