ஃபோர்மேன் கேட்ட நட்சத்திரம்

"சமக்குறி போட்டா தலைப்பு, அடைப்புக்குறி போட்டா இணைப்பா? இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது தம்பி." பாய்லர் ஃபோர்மேன் கம்ப்யூட்டரை ஓரமாகத் தள்ளினார். "என் மச்சான் ஆபீஸ்ல தலைப்புக்கு ஹேஷ் போடறான், பட்டியலுக்கும் தடிச்ச எழுத்துக்கும் நட்சத்திரம் போடறான். அப்படி இருந்தா இன்னிக்கே எழுதித் தந்துடுவேன்."

புரோகிராமர் கம்ப்யூட்டரை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினான். அந்தக் கிழட்டு பாய்லர் எப்போது முரண்டு பிடிக்கும், எங்கே தட்டினால் அடங்கும் என்பதெல்லாம் முப்பது வருஷமாக ஃபோர்மேன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. ஆலையில் எல்லாரும் எழுதித் திருத்தும் கையேடான விக்கியில் அது மாதக் கடைசிக்குள் ஏறினால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் எட்டு மாதமாக வேறு ஊரில் கிடக்கும் மனைவி அங்கே வேலையை விட்டுவிட்டு வர முடியும்.

ஹேஷும் நட்சத்திரமும்தானே, போகட்டும் என்று மூன்றே நாளில் சேர்த்துவிட்டான். நாலாம் நாள் ஸ்டோர் கிளார்க் மூச்சிரைக்க வந்தார்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே? வால்வு நம்பருக்கு முன்னாடி சின்னதா ஒரு ஹேஷ் போட்டிருந்தேன். ஒவ்வொண்ணும் பூசணிக்காய் சைஸ்ல தலைப்பா நிக்குது."

பழைய குறியா, புதுக் குறியா என்று கேட்கும் பொத்தான் ஒன்றை வைத்தான். எல்லாரும் படிக்காமலேயே 'புது'வை அமுக்கினார்கள். பழைய குறியில் எழுதியிருந்த லீவு விதிகள் பக்கம் பூராவும் வெறும் அடைப்புக்குறியாகக் கொட்டிக் கிடந்தது.

மனுஷங்களை நம்பினது தன் தப்பு என்று, விக்கியே குறியைக் கண்டுபிடிக்கும்படி மாற்றினான். அது மேனேஜர் தன் பெயருக்கு மேலே அலங்காரமாகப் போட்டிருந்த இருபது நட்சத்திரங்களை ஒரு பட்டியலாக்கி, அவரை இருபத்தொன்றாவது ஆளாகக் கீழே உட்கார வைத்தது.

"ரெண்டே நாள் தர்றேன்" என்றார் மேனேஜர். "ஃபோர்மேன் எழுதலைன்னா நீயும் வேண்டாம், உன் நட்சத்திரமும் வேண்டாம்."

அன்று மனைவி போனில் கேட்டாள். "நான் ராஜினாமா எழுதட்டுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க."

"கொஞ்சம் பொறும்மா" என்றான். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, எல்லாக் குளறுபடியையும் சரிசெய்து, கம்ப்யூட்டரும் கையுமாக பாய்லர் அறைக்கு ஓடினான். ஃபோர்மேன் ஒரு ஹேஷ் தட்டினார், தலைப்பு வந்தது. நட்சத்திரம் தட்டினார், எழுத்து தடித்தது.

"பலே, கெட்டிக்காரன்தான் நீ. கையெல்லாம் எண்ணெய், கழுவிட்டு வந்து உக்காந்து எழுதறேன்." சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அவன் அங்கேயே மனைவிக்குப் போன் போட்டான். "ராஜினாமாவைக் கொடுத்துடு" என்றான். ஒரு நிமிஷத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "கொடுத்துட்டேங்க. இனிமே யார் தடுத்தாலும் நிக்க மாட்டேன்."

ஆலையில் டீ கொண்டு வரும் ஆயாவிடம் வாயெல்லாம் பல்லாக விஷயத்தைச் சொன்னான். அவள் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பாவமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த தம்பியும் இப்படித்தான் சந்தோஷப்பட்டாரு. அப்போ இதுல ஹேஷும் நட்சத்திரமும்தான் இருந்துச்சு, சமக்குறியும் அடைப்புக்குறியும் வச்சாத்தான் எழுதுவேன்னு ஃபோர்மேன் ஐயாதான் கேட்டு வாங்கினாரு."