சுத்து அண்ணனும் காயல் நடுவே ஒரு காவல் அறையும்

கொச்சியில் இருக்கும் தீவுகளில் பாதியைத் தீவு என்று ஒப்புக்கொள்ள மறுத்த ஒரே மனிதர் எங்கள் சுத்து அண்ணன்தான். செல்போனில் மேப் காட்டினால் நம்பமாட்டார். படகில் கூட்டிப்போய் நாலு பக்கமும் தண்ணீரைக் காட்டினாலும் நம்பமாட்டார். கரையோரமாகவே ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் அவரைப் பொறுத்தவரை அது தீவு.

"சுத்தி வராம எப்படிச் சொல்றது தம்பி? அந்தப் பக்கம் எங்கயாவது ஒட்டிக்கிட்டிருந்தா?" என்பார்.

மட்டாஞ்சேரியில், கீழே மிளகும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தின் மாடி லாட்ஜில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து அறை. நான் மிளகு ஏற்றுமதி செய்யும் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். அவர் கோவில்பட்டிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். எரிந்துபோன ஃபேன்களுக்கும் மோட்டார்களுக்கும் காயில் சுற்றுவது தொழில். வாரம் முழுக்கச் செம்புக் கம்பியைச் சுற்றுவார். ஞாயிற்றுக்கிழமை தீவைச் சுற்றுவார். அப்படி வந்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று லாட்ஜில் யாருக்கும் தெரியாது. தபால்காரரே வாசலில் நின்று "சுத்தண்ணா" என்றுதான் கூப்பிடுவார்.

வைப்பின் தீவை முழுக்கச் சுற்றுகிறேன் என்று ஒருமுறை கிளம்பினார். சனிக்கிழமை போனவர் புதன்கிழமை வந்தார், இரண்டு காலும் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. கடும் கோடை அது. அவரிடம் ரிப்பேருக்கு வந்த ஏழெட்டு ஃபேன்கள் அம்மணமாகக் கிடக்க, ஃபேனுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் என் அறை வாசலில் வந்து வியர்த்துக்கொண்டு நின்றார்கள். அவரோ சூடான உப்புத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, வைப்பின் தீவுதான், சந்தேகமே இல்லை என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

வில்லிங்டன் தீவில் கடற்படை வேலி குறுக்கே வந்துவிட்டது. காவலுக்கு நின்ற இளைஞன் மேலே போகக் கூடாது என்றிருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கமும் தண்ணீர்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் திரும்பிப் போகிறேன் என்றாராம் இவர். எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் வில்லிங்டன் இன்றுவரை அவருக்குப் பாதித் தீவு.

இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவரை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தது, கடலும் காயலும் சேரும் அழிமுகத்துக்கு உள்ளே காயலில் கிடக்கும் ஒரு சின்னத் துருத்து. துருத்து என்றால் குட்டித் தீவு. பத்துப் பதினைந்து வீடு, நிறையத் தென்னை, ஒரு துடுப்பு வள்ளம். சாயா ஆறுவதற்குள் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அதன் ஓரத்தில், மணலில் பாதி புதைந்த தீப்பெட்டி மாதிரி ஒரு காங்கிரீட் அறை இருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் துறைமுகத்தைக் காக்கப் பட்டாளத்துக்காரர்கள் கட்டியது என்றார்கள். பின்பக்கம் ஓர் ஆள் குனிந்து நுழையும் வாசல். முன்பக்கம் துப்பாக்கி நீட்ட ஒரு நீளமான துவாரம்.

அந்தத் துவாரத்தைப் பார்த்ததும் அண்ணன் நின்றுவிட்டார். கடல் மேற்கே இருக்கிறது. துவாரமோ கிழக்கே, எங்கள் மட்டாஞ்சேரிப் படகுத்துறையைப் பார்த்து இருந்தது.

"எதிரி கடல்ல இருந்துதானே வருவான்? இவன் எதுக்கு நம்மளைக் குறி பாக்கறான்?"

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. சாயாக்கடையில் கேட்டார். காண்ட்ராக்டர் பிளானைத் தலைகீழாகப் பிடித்திருப்பான் என்றார்கள். என் மேனேஜரைக் கேட்டார். மட்டாஞ்சேரிக்காரர்களை வெள்ளைக்காரன் நம்பியிருக்க மாட்டான் என்று அவர் பெருமையாகச் சொன்னார். ஃபேன் கொண்டுவந்த சரித்திர வாத்தியாரைக் கேட்டபோது, படித்துப் பார்த்துச் சொல்வதாகப் போனவர் ஃபேனை வாங்கவும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று அண்ணன் முடிவு செய்தார்.

உள்ளே ஏலிச் சேச்சியின் ஆடுகள் இருந்தன.

ஏலிச் சேச்சி அந்த அறைக்கு அடுத்த வீட்டுக்காரி. புருஷன் இறந்து வெகு காலமாகிறது. யுத்தம் முடிந்து பட்டாளம் போனபிறகு அந்த அறை அவர்கள் குடும்பத்து ஆட்டுக் கொட்டில். முதல் சந்திப்பிலேயே அண்ணன் சொதப்பிவிட்டார். உள்ளே வெடிக்காத குண்டு ஏதாவது கிடக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் ஒரு வாரம் ஆடுகளைத் தென்னையில் கட்டிப்போட்டு, அறையைத் தூரத்திலிருந்து பார்த்தபடி இருந்தாளாம். அதன்பிறகு இவர் நிழல் பட்டாலே கதவுக்குக் குறுக்கே வந்து நிற்பாள்.

"உள்ள இருட்டும் எண்ட ஆடுகளும்தான். வேறொண்ணும் இல்ல" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

ஆனாலும் ஞாயிறுதோறும் போனார். ஒரு சுற்று நடப்பார், வாசலில் நிற்பார், கேட்பார், மறுப்பு வாங்கிக்கொண்டு வருவார். சில நாள் என்னையும் இழுத்துப் போவார். போகப்போக அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவதைக் கவனித்தேன். சுவர் பார்க்க எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது அவர் இலாகா.

மழைக்காலம் தொடங்கப்போகும் ஒரு ஞாயிறு. அமாவாசையை ஒட்டிக் காயல் பொங்கி ஏறும் வேலியேற்றம். நாங்கள் போய் இறங்கும்போதே தண்ணீர் அறை வாசலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. ஏலிச் சேச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாய் ஆட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு குட்டிகள் உள்ளே மிரண்டு கத்தின. அண்ணன் அனுமதி கேட்கவில்லை. குனிந்து நுழைந்தார். ஒவ்வொரு குட்டியாக எடுத்து என் கையில் தந்தார். நான் சேச்சியிடம் தந்தேன். காரியம் அழகாக முடிந்தது. அப்போது உள்ளேயிருந்து, ஒரே நிமிஷம் தம்பி, என்று குரல் வந்தது.

என்ன செய்தாரென்றால், பட்டாளத்துக்காரன் பார்த்ததை அப்படியே பார்க்க வேண்டும் என்று துவாரத்துக்குள் தலையைச் சாய்த்து நுழைத்து, வெளியே போனதும் நிமிர்த்திவிட்டார். தலை வெளியே, உடம்பு உள்ளே. திரும்ப வரவில்லை.

நான் உள்ளே போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வெளியே அவர் வலியில் கத்தியது எனக்குப் பக்கத்து ஊரில் கேட்பதுபோல் கேட்டது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாப் படகு வந்தது. சுவரிலிருந்து ஒரு மனிதத் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அது போர் நினைவுச் சின்னத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண்மணி கையசைத்தாள். கை உள்ளே இருந்ததால் இவரால் பதிலுக்கு அசைக்க முடியவில்லை. அதற்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

சேச்சி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அவர் காதிலும் கழுத்திலும் ஊற்றினாள். அதற்கும் தலை வழுக்கவில்லை. காரணம், அந்தத் தலை சும்மா இல்லை. சிமென்டு எவ்வளவு கனம், இரும்புக்கம்பி எந்த ஊர், தண்ணீர் இன்னும் எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தாடை ஆடுகிறவரை எலும்பு எங்கேயோ இடித்தது. தண்ணீர் இப்போது இடுப்பைத் தொட்டது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. ஆள் வரட்டும் என்று கத்தினேன். வள்ளக்காரர் கடப்பாரை எடுக்கப் போனார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அண்ணன் முனகியது சேச்சி காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் கொண்டுவந்தாள். தொடையளவு தண்ணீரில் நின்று, உருட்டி உருட்டி அவர் வாயில் ஊட்டினாள். நான் உள்ளே இருட்டில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அதைவிடச் சங்கடமான இடத்தில் நான் நின்றதில்லை.

வாயில் கப்பையோடு அவர் மறுபடி ஆரம்பித்தார். "சேச்சி, இங்கருந்து படகுத்துறையைத் தவிர ஒண்ணுமே தெரியல. கடல் இல்ல, கப்பல் இல்ல. இதைப் பாக்கவா ஒருத்தனை நிறுத்தி வச்சாங்க?"

சேச்சி அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னது எனக்கு உள்ளேயே கேட்டது. "எந்த ஊர்ப் பையனோ. சோத்து வள்ளம் அங்கேருந்துதானே வரணும். பாத்துட்டே நின்னிருப்பான்."

அண்ணனிடமிருந்து எதிர்க்கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மீன் கறி காரமா என்று சேச்சி கேட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். தலை சாய்ந்து, தாடை அசையாமல் நின்ற அந்தச் சமயத்தில் நான் ஒரு இழுப்பு இழுத்தேன். பாட்டிலிலிருந்து கார்க் வருவதுபோல் தலை வந்துவிட்டது. இரண்டு பேரும் தண்ணீரில் மல்லாக்க விழுந்தோம். கடப்பாரையோடு வந்த வள்ளக்காரருக்குப் பெரிய ஏமாற்றம்.

துவாரம் ஏன் கிழக்கே பார்க்கிறது என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், கால்வாய்க்குள் நுழையும் படகைப் பக்கவாட்டில் பிடிக்கத்தான் என்று படம் போட்டு விளக்கினார். அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு விடை கிடைத்தாயிற்று.

அடுத்த வாரம் சேச்சி வீட்டு டேபிள் ஃபேனைச் சுற்றித்தரப் போனார். அதற்கடுத்த வாரம் மிக்சி. மழை முடிவதற்குள் அந்தத் துருத்தில் ஓடாத மோட்டாரே இல்லை. பிறகு ஒரு நாள், தயங்கித் தயங்கி, ரெஜிஸ்டர் ஆபீஸுக்குச் சாட்சிக் கையெழுத்து போட வர முடியுமா என்று என்னைக் கேட்டார். இஸ்திரிச் சட்டைக்கு விளக்கம் கிடைத்தது. காதில் இருந்த சிராய்ப்புத் தழும்போடு மாலை போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்து, இந்தப் பக்கம் திரும்புங்கள், அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று போட்டோக்காரர் பாடாய்ப் பட்டார்.

இப்போது அவர் குடியிருப்பு துருத்தில்தான். மோட்டார்கள் வள்ளத்தில் அவரைத் தேடிப் போகின்றன. அவர் இருந்த அறைக்குக் காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்திருக்கிறான். நல்லவன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருவான், போவான், ஒரு வார்த்தை பேசமாட்டான்.

போன மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். யார் சொன்னார்களோ, மத்தியானம் கண் விழித்துப் பார்த்தால் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சேச்சி கொடுத்தனுப்பிய கஞ்சி தூக்குச்சட்டியில் இருந்தது. என் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று அந்த மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டு, அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

"ஏதாவது கேளுங்கண்ணே" என்றேன்.