ஐங்குன்றத்துக் குரல்காப்புப் பேரவை

எந்த வரைபடத்திலும் இல்லாத, ஆனால் படிக்கிறவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பக்கத்து நாடு என்று எண்ணிக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில் ஐந்து குன்றுகள் இருந்தன. அதனால் அதற்கு ஐங்குன்றம் என்று பெயர். அதற்கு முன் அறுகுன்றம் என்று பெயர். ஆறாவது குன்று ஒரு மழைக்காலத்தில் சரிந்து விழுந்ததும் அரசாங்கம் உடனடி நடவடிக்கை எடுத்துப் பெயரை மாற்றியது.

மற்ற நாடுகளில் மனிதக் குரலைத் தகட்டிலும் பெட்டியிலும் சேர்த்து வைப்பார்கள். ஐங்குன்றத்தில் அந்தச் செலவு இல்லை. அங்குள்ள குகைகளுக்குக் கேட்டதை மறக்காத குணம் உண்டு. உள்ளே நின்று ஒருமுறை பேசிவிட்டு வந்தால் போதும். ஆள் போன பிறகும் குரல் இருக்கும். ஆனால் அதை வரவழைக்க ஒரு முறை உண்டு. உயிரோடிருந்தபோது அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே கூப்பிட வேண்டும். ‘ஏலே கருவாயா’ என்று அழைக்கப்பட்டவரைத் ‘திருவாளர்’ போட்டு அழைத்தால் குகை மூச்சுக் காட்டாது. நெடுநாள் யாருமே கூப்பிடாவிட்டாலும் குரல் மங்கி, கடைசியில் இல்லாமலே போய்விடும். ஒருமுறைகூடக் கூப்பிடாத குரல் சில மாதங்களிலேயே போய்விடும்.

குன்று விழுந்தால் குரலும் விழுமே என்ற கவலைக்குச் சனங்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆடிக் காற்றில் ஒரு குன்றுக்காரர்கள் குகை வாசலில் நின்று தங்கள் செத்தவர்களைக் கூப்பிடுவார்கள். வெளியே வருகிற குரல் பள்ளத்தாக்கைத் தாண்டிப்போய் எதிர்க்குன்றின் குகையிலும் தங்கிவிடும். எதிர்க்குன்றுக்காரர்கள் செய்ய வேண்டியதெல்லாம் வாசலில் தொங்கும் ஓலைத்தட்டியைச் சுருட்டிக் கட்டுவதுதான். மறுநாள் அவர்கள் கூப்பிடுவார்கள், இவர்கள் தட்டியைச் சுருட்டுவார்கள். இதற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. முடிந்ததும் சுக்குக் காப்பி உண்டு.

ஆறாவது குன்று விழுந்தபோது காற்றில் அனுப்பியிருந்த குரல்கள் பிழைத்தன, மற்றவை போயின. இதிலிருந்து அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடம், இந்தக் காரியத்துக்கு ஓர் அமைப்பு தேவை என்பது.

ஐந்தில் மிகச் சிறியதான சிறுகுன்றில் ஆவுடை இருந்தாள். அவள் புருஷன் சங்குமுத்து வெல்லம் காய்ச்சுகிறவன். பங்குனியில் அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் குகைக்குள் போனான். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்படி ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமி, “இந்தப் பூமியில் மனுசனாப் பொறந்தவன்...” என்று ஆரம்பித்தான். வரிசையாக மூன்று தும்மல் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. “ஏ ஆவுடை! இதையுமா புடிச்சிருச்சு?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பை நிறுத்த முடியாமல் வெளியே வந்துவிட்டான். இன்னொரு நாள் ஒழுங்காகப் பேசிக்கொள்ளலாம் என்றான். வைகாசிக்குள் அவன் போய்விட்டான்.

அவளுக்கு மிஞ்சியது அந்தத் தும்மலும் சிரிப்பும்தான். வெல்லம் விற்றுவிட்டு வருகிற வழியில் குகை வாசலில் நின்று, “என்ன வெல்லக்காரரே!” என்று கூப்பிடுவாள். உள்ளிருந்து மூன்று தும்மல். அவளும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். ஆடி வரட்டும், எதிர்க்குன்றுக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தாள். குகையின் கூரையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

ஆனி மாதத்தில் குரல்காப்புப் பேரவை பிறந்தது. குன்றுக்கு ஒரு பிரதிநிதி வர வேண்டும் என்று ஓலை வந்தது. சிறுகுன்றில் எல்லோருக்கும் வேலை இருந்தது.

“நீ போ மதினி. வாயாடுறதுக்கு உன்னை விட்டா இங்க ஆளு யாரு?” என்றார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வாயாட அனுமதி இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

பேரவைக் கூடம் பெருங்குன்றத்தில் இருந்தது. தலைவர் வீரகேசரியாரும் பெருங்குன்றம். தலைமை நெறியாளர் உத்தண்டனாரும் பெருங்குன்றம். உறுப்பினர்கள் நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டார்கள்: மூத்த உறுப்பினர், முழு உறுப்பினர், இணை உறுப்பினர், பார்வை உறுப்பினர். சிறுகுன்று பார்வை உறுப்பினர். அதற்கு நாற்காலி உண்டு, சாய்வு கிடையாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். தானாகப் பேசக் கூடாது.

“வாக்குரிமையை எதை வைத்து நிர்ணயிப்பது?” என்று உத்தண்டனார் கேட்டார்.

“இதில் ஐயம் என்ன?” என்றார் வீரகேசரியார். “எந்தக் குன்றில் எத்தனை குரல்கள் உள்ளனவோ, அத்தனை வாக்குகள். இறந்தோருக்கு நாம் தரும் மரியாதை அது. உலகிலேயே இறந்தோர் வாக்களிக்கும் ஒரே அவை நமது அவை.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஆவுடைக்கும் கைதட்ட உரிமை இருந்தது.

அன்று சாயங்காலமே ஒவ்வொரு குன்றுக்காரரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தன் குரல் எதிர்க்குன்றுக்குப் போனால் எதிர்க்குன்றுக்கு ஒரு வாக்குக் கூடும். அந்த ஆடியில் ஓலைத்தட்டிகள் இருந்த இடத்தில் தேக்குக் கதவுகள் வந்தன. கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குக் காவல். காற்று வந்து கதவுகளைத் தட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அடுத்த கூட்டத்தில், பொதுமக்கள் கண்டபடி கூப்பிடுவது இறந்தோருக்கு இழுக்கு என்று முடிவாயிற்று. இனி நியமிக்கப்பட்ட அழைப்பாளர் ஒருவர் மட்டுமே அழைப்பார். அவர் ஒவ்வொரு குன்றாகப் போய், கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “பெருமதிப்பிற்குரிய சங்குமுத்து அவர்களே!” என்று மணிபோன்ற குரலில் அழைத்தார். குகை பேசாமல் இருந்தது. “பெருமதிப்பிற்குரிய பேச்சியம்மாள் அவர்களே!” குகை பேசாமல் இருந்தது. அழைப்பாளர் ஒவ்வொருவருக்கும் நேராக ‘வருகை இல்லை’ என்று குறித்துக்கொண்டார். வராத குரல்கள் தகுந்த காரணம் காட்டும்படி குகை வாசல்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில் ஆவுடை கையைத் தூக்கினாள். கை தூக்குவது பேச்சில் சேருமா என்று அரை நாள் விவாதம் நடந்தது. சேராது என்று தீர்ப்பானதும், என்ன வேண்டும் என்று உத்தண்டனார் கேட்டார்.

“எங்க குகையில விரிசல் விட்டிருக்குய்யா. ஒரு மழைக்குத்தான் தாங்கும். கதவைத் தொறந்து ஒரு நாளைக்குக் கூப்பிட விடுங்க.”

உத்தண்டனார் விதிகளைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, விதிகளைப் பார்க்கிறவர். “அம்மணி, அந்த விரிசல் எந்தத் தர உறுப்பினர்?”

“விரிசலு எப்படிய்யா உறுப்பினராவும்?”

“அதுதான். உறுப்பினர் அல்லாத ஒன்றைப் பற்றி இந்த அவை விவாதிக்க இயலாது.”

அவள் கீழே இறங்கி வருகிற வழியில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, வழக்கம்போலக் கூப்பிட்டுப் பார்த்தாள். தேக்கு கனமான மரம். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதுபோல இருந்ததா என்று நின்று பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

ஐப்பசி நெருங்கியபோது பேரவைக்கு ஒரு சங்கடம் வந்தது. தலைவர் தேர்தல் வந்தது. தேர்தலுக்கு வாக்குகளை எண்ண வேண்டும், வாக்குகள் என்றால் குரல்கள். ஆனால் அழைப்பாளரின் கணக்குப்படி ஐந்து குன்றுகளிலும் சேர்த்து ஒரே ஒரு குரல்தான் வருகை தந்திருந்தது. அது ஒரு பழைய தாசில்தாருடையது. அவரை மனைவி மக்கள் உட்பட எல்லோரும் ‘பெருமதிப்பிற்குரிய’ போட்டே அழைத்திருந்தார்கள். அவர் யானைக்குன்றுக்காரர். ஆக, ஒரே வாக்குடன் யானைக்குன்றுக்குப் பெரும்பான்மை.

வீரகேசரியாருக்கு வியர்த்தது. “பெருங்குன்றத்தில் மட்டும் எண்ணிலடங்காக் குரல்கள் உள்ளன என்பது நாடறிந்த உண்மை! அவை ஏன் பேச மறுக்கின்றன? யாருடைய சூழ்ச்சி இது?”

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாய்வில்லாத நாற்காலியில் சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

“என்னம்மா சிரிக்கிறே?” என்று தலைவர் சீறினார்.

அவை திடுக்கிட்டது. அது ஒரு கேள்வி. உத்தண்டனார் விதிகளைப் பார்த்து, பதில் சொல்லலாம் என்று தலையசைத்தார்.

ஆவுடை எழுந்து நின்றாள். “அய்யா, உங்க தாத்தாவை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “...மொட்டைத் தாத்தா.”

“அப்படிக் கூப்பிட்டாத்தானே வருவாரு? அந்தந்த வீட்டு ஆளுகளை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்க, எல்லாரும் வருவாங்க. உங்க குன்றுக்குத்தான் லாபம்.”

தலைவர் முகம் தெளிந்தது. ஆனால் யானைக்குன்றின் பிரதிநிதி எழுந்தார். “நாளைக்கு நீங்க எண்ணி, நாளன்னைக்கு நாங்க எண்ணினா, ஒரே குரலை அங்கயும் இங்கயும் காட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?”

“அதுக்குத்தான்,” என்றாள் ஆவுடை மெதுவாக, “எல்லாக் கதவையும் ஒரே நேரத்துல தொறந்து வச்சு எண்ணுங்க. ஒருத்தர ஒருத்தர் ஏமாத்த முடியாது பாருங்க.”

முறைகேட்டைத் தடுக்கும் இந்த யோசனை ஒருமனதாக நிறைவேறியது. நாடு தோன்றியதிலிருந்து ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான். ஒவ்வொருவரும் மற்றவரைத் திருடன் என்று மனதார நம்பியதால் அது முடிந்தது. ஒரு கதவையும் விடக்கூடாது என்பதற்காக, பேரவையின் விதித்தொகுப்பைத் தலைவர் தம் வாயால் சொல்லிவைத்திருந்த விதிக்குகையின் கதவையும் அந்தத் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

எண்ணுகிற நாள் திருவிழாப்போல் ஆகிவிட்டது. மாதக்கணக்காகப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றிருந்த சனங்கள் அல்லவா? முரசு ஒலித்தது. ஐந்து குன்றுகளிலும் கதவுகள் திறந்தன.

“ஏ பெரிய மூக்கா!”

“சித்தீ! நான்தான் வந்திருக்கேன்!”

“அடியே குண்டலம், எங்கடி போனே?”

குன்றுகள் பதில் சொல்லத் தொடங்கின. ஒருவர் மாட்டைக் கட்டினாயா என்று கேட்டார். ஒருத்தி குழம்பில் உப்பில்லை என்றாள். ஒரு தாத்தா தப்பும் தவறுமாகத் தாலாட்டுப் பாடினார். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரனை நல்ல தமிழில் வைதார். பக்கத்து வீட்டுக்காரனுடைய குடும்பம் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குரல்கள் பள்ளத்தாக்கில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போய், திறந்திருந்த வாசல்களிலெல்லாம் நுழைந்தன. எண்ணுவதற்கு வந்தவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

விதிப்புத்தகத்தை இடுக்கிக்கொண்டு உத்தண்டனார் ஓர் ஓரமாக நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று தோன்றியபோது குகைப் பக்கம் திரும்பி, “யப்பா,” என்றார்.

“ஏல, செருப்ப வெளிய விட்டியா?” என்றது குகை.

தலைமை நெறியாளர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அன்று முழுவதும் அதைப் போடவில்லை.

சிறுகுன்றில் ஆவுடை கடைசியாகக் கூப்பிட்டாள். கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும், அவர் குரல் தெளிவாகப் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, முழு மூச்சோடு, “என்ன வெல்லக்காரரே!” என்றாள்.

மூன்று தும்மல். சிரிப்பு. பள்ளத்தாக்கு முழுவதும் அந்தச் சிரிப்பு போயிற்று. எதிர்க்குன்றில் யாரென்றே தெரியாதவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

விட்ட எண்ணிக்கையை மறுநாள் முடித்தபோது கணக்கு வந்தது. ஐந்து குன்றுகளிலும் ஒரே எண்ணிக்கை. எல்லோர் குரலும் எல்லா இடத்திலும் இருந்தது. பார்வை உறுப்பினருக்கும் மூத்த உறுப்பினருக்கும் ஒரே அளவு வாக்கு.

“இது செல்லாது!” என்று வீரகேசரியார் மேசையைத் தட்டினார். “விதித்தொகுப்பைக் கேட்போம். அது சொல்லும்!”

விதித்தொகுப்புக்குப் பிரதி இருந்தால் அதன் மாண்பு குறையும் என்று அதன் முதல் விதியே சொல்லியிருந்தது. உத்தண்டனாரின் புத்தகத்தில்கூட விதிகளின் தலைப்புகள் மட்டுமே உண்டு. அவையினர் அனைவரும் விதிக்குகைக்கு முன் கூடி, அதன் முழுப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். சத்தமில்லை. சுருக்கப் பெயரைச் சொன்னார்கள். சத்தமில்லை. பேரவை பிறந்த நாளிலிருந்து ஒருவரும் அதை ஒருமுறைகூடக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. விதிகள் மங்கி மங்கி, என்றைக்கோ இல்லாமல் போயிருந்தன.

“உள்ளே ஒன்றுமே இல்லையா?” என்று தலைவர் தளர்ந்துபோய்க் கேட்டார்.

அதுவும் ஒரு கேள்வி. ஆவுடை முன்னால் வந்து, “என்ன வெல்லக்காரரே!” என்றாள்.

விதிக்குகை மூன்று முறை தும்மியது.

அதன் பிறகு ஐங்குன்றத்தில் விதிகள் இல்லை. ஓலைத்தட்டிகள் திரும்பி வந்தன. பேரவை இன்றும் உண்டு. ஆண்டுக்கொரு முறை கூடி, புதிய விதிகளை வகுப்பது எப்படி என்பதற்கான விதிகளை வகுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களும் சுக்குக் காப்பிக்கு வருவார்கள்.

இப்போது தலைவர் தேர்தலில் உயிரோடிருப்பவர்களே வாக்களிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். எண்ணுகிற நாளில் வீரகேசரியார் வாசலில் நின்றபடி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னதையும் குகைகள் விடவில்லை. யாராவது குன்றடியில் நின்று, “தலைவர் அவர்களே!” என்று கூப்பிட்டால், எல்லாக் குன்றுகளும் ஒரே குரலில் பதில் சொல்கின்றன: “எண்ணி முடிச்சதும் கதவைச் சாத்திரணும். இதுகளுக்கு என்ன தெரியும்?” வாக்களிக்கப் போகிறவர்கள் எல்லோரும் போகிற வழியில் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டுவிட்டு அவருக்கே வாக்களிக்கிறவர்களும் உண்டு.

எண்ணி முடித்த அந்த ஆண்டே, ஐப்பசி மழையில் சிறுகுன்று விழுந்தது. ஆட்கள் முன்பே இறங்கிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரசாங்கம் உடனடி நடவடிக்கை எடுத்து நாட்டுக்கு நாற்குன்றம் என்று பெயர் வைத்தது.

மழை விட்டதும் ஆவுடை வெல்லக் கூடையோடு எதிர்க்குன்றில் ஏறினாள். புது வாசல், புது இடம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

தும்மல் மூன்றும் வந்தன. சிரிப்பு வந்தது.

“ஏ ஆவுடை! இதையுமா புடிச்சிருச்சு?”

“நாலு குன்றுலயும் புடிச்சிருச்சுய்யா,” என்றாள் ஆவுடை. “நல்லாத் தும்மும்.”